ஸ்னோ அட்டையும் அரக்குச் சேலையும்

எங்கள் தெருமுனை பாய் கடையில் முகத்துக்குப் பூசுகிற ஸ்னோ ஒரு புட்டி வாங்கினால் கூடவே ஒரு பட அட்டை கொடுப்பார்கள். அதை மூக்கருகே வைத்தால் ரோஜாவும் மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் ஸ்னோ வாங்குகிறவர்கள் குறைவு. பாயிடம் கெஞ்சியே நான் ஒரு கட்டு "ஸ்னோ அட்டை" சேர்த்துவிட்டேன். எல்லா அட்டையிலும் ஒரு பெண், எங்கள் தெருத் தறிகளில் நெய்கிற பட்டையே கட்டிக்கொண்டு, எங்கள் தெருவில் ஒருத்திக்கும் இல்லாத ரோஸ் நிறத்தில் சிரிப்பாள். அந்த வயதில் எனக்கு அது விசித்திரமாகப் படவே இல்லை.

அப்பாவுக்கு ஒரு வழக்கம். சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும், முதலாளியிடம் கொண்டுபோவதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டு, "நில்லும்மா, பாக்கலாம்" என்று முந்தியை அவள் தோளில் போட்டு, எடுப்பாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். விற்கப்போகிற சேலைதான், ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் அக்கா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் நிற்பே வேறு.

ஒருநாள் அரக்கு நிறச் சேலை. அதே அரக்கில் என்னிடம் ஓர் அட்டை இருந்தது நினைவுக்கு வர, ஓடிப்போய் எடுத்துவந்து அக்காவின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தேன்.

"இந்தம்மாவுக்குத்தான்பா எடுக்குது. அக்கா கறுப்பா இருக்குது, எடுக்கவேயில்ல."

அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், அக்காவும்தான் சிரித்தாள். அடுத்த சேலைக்கு அப்பா கூப்பிட்டபோது அடுப்படியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: "நான் வேலையா இருக்கேன்பா. பாப்பா மேல போட்டுப் பாரு." அதன்பிறகு எல்லாச் சேலையும் என் தோளுக்கே வந்தது. நான் அவளைவிட ஒன்றும் சிவப்பில்லை. ஆனாலும், பாவி, எனக்கு அது பெருமையாக இருந்தது. தன் கல்யாணத்துக்கே "வெளிர் மஞ்சள் போதும்" என்று அவள் சொன்னபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அட்டைகள் எந்த வீடு மாற்றலில் தொலைந்தனவோ தெரியாது. அக்காவும் அதையெல்லாம் மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் அவள் பேத்தியின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோம். கடைப் பெண் ஓர் அரக்குச் சேலையைப் பிரித்து, "பெரியம்மா, பாருங்க" என்று அக்காவின் தோளில் போட்டாள். எழுபதைத் தாண்டிய அக்கா அதைச் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எடுக்காதும்மா. என் தங்கச்சி மேல போட்டுப் பாரு."

அந்தப் பெண் சேலையை என் தோளில் போட்டாள்.