முயலும் ஆமையும் ஒட்டியிருந்த சேலை

பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே விற்கிறவனாகவும் ஆனேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். ஆட்களின் முகம் பார்த்துப் பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம். துணியை விரித்துக் காட்டும்போது மட்டும் பேச்சு வரும், கண் துணியில் இருப்பதால்.

அந்த நாளில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். சீமைத் துணி மூட்டைகள் அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்களுக்கு வரும். ஒவ்வொரு உருப்படியின் மேல்மடிப்பிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் யானை, மயில், கிரீடம். ஒரு கம்பெனி மட்டும் கதைகளைப் படமாகப் போட்டது. வலையில் மாட்டிய சிங்கமும் எலியும், குடத்தில் கல் போடுகிற காகம், எட்டாத திராட்சைக் குலையை அண்ணாந்து பார்க்கிற நரி. இன்னொன்றில் மரத்தடியில் நரியும் மேலே காகமும். காகத்தின் வாயில் மஞ்சளாக ஒரு கட்டி. சீமையில் வடையை இந்த மாதிரிதான் சுடுவார்கள் போலிருக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கிழிந்துபோன படங்களை எடுத்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருந்தார். அவற்றை வீட்டில் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி வைத்தேன். இதே கதைகள் வந்த தீப்பெட்டிப் படங்களும் சேர்ந்தன. ஒரு பங்களாச் சமையல்காரர் பிஸ்கட் டின்னில் சுற்றியிருந்த காகிதத்தைக் கொண்டுவந்து தந்தார். நாற்பது வயதுக்காரன் காக்கா நரிப் படம் சேர்க்கிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று யாருக்கும் காட்டியதில்லை. எல்லாக் கதையும் கிடைத்துவிட்டது. முயலும் ஆமையும் மட்டும் வரவில்லை.

தோட்டத்து ஜனங்களுக்கு அந்தப் படம் வேடிக்கைப் பொருள் அல்ல. பெண் பெரியவளான சடங்கில் தாய்மாமன் சீர்த்தட்டு கொண்டுவருவார். தட்டில் சேலையை வைக்கும்போது படம் மேலே தெரியவேண்டும். வந்தவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு துணியைக் கசக்கி மில் கஞ்சி மொறுமொறுவென்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இருந்தால் புதுச் சேலை. இல்லாவிட்டால் மாமன் யாரோ கட்டிக் கழித்ததைக் கொண்டுவந்துவிட்டார் என்று பேச்சாகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் தங்கை மகளின் சடங்குக்குச் சேலை எடுக்க வந்தார். பத்துச் சேலைகளை விரிக்கச் சொல்லி, கடைசியில் அரக்கு நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதன் மேல்தான் முயலும் ஆமையும் இருந்தன. முயல் ஒரு மரத்தடியில் தூங்குகிறது, தூரத்தில் ஆமை ஒரு மேட்டில் ஏறுகிறது. அது என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். எங்கள் கங்காணி இதைக் கேட்கவேண்டும் என்று அவர் சிரித்தார். மழையில் லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுவதால் சடங்குவரை சேலை கடையிலேயே இருக்கட்டும், அடுத்த ஞாயிறு காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் முதலாளி ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். ஈரத்துணியைப் படத்தின் மேல் வைத்து, பசை இளகும்வரை காத்திருந்து, ஒரு முனையும் கிழியாமல் உரித்தேன். துணி காய்ந்த பிறகுதான் பார்த்தேன். அந்த இடத்தில் கஞ்சி போய், பலமுறை துவைத்ததுபோலத் தொய்ந்து கிடந்தது. அப்போதாவது படத்தைத் திரும்ப ஒட்டியிருக்கலாம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலையில் அவர் வருமுன்பே சேலையைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிவிட்டேன். அவரும் பிரித்துப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

அடுத்த ஞாயிறு அவர் அதே சேலையோடு திரும்பி வந்தார். சடங்கு வீட்டில் காகிதத்தைப் பிரித்தபோதுதான் படம் இல்லாதது தெரிந்ததாம், வேறு சேலைக்கு நேரமில்லையாம். தங்கையின் நாத்தனார் தட்டிலிருந்து சேலையை எடுத்து, தொய்ந்த இடத்தை விரலால் தேய்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, யார் கட்டிக் கழித்தது என்று கேட்டாளாம். தங்கை தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இதை அவர் முதலாளியிடம் சத்தம் போடாமல்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. நீங்கதானே அந்த ஆமைக் கதைய சொன்னீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீதானேப்பா கட்டிக் குடுத்தே? படம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. படத்தோடதான் கட்டிக் குடுத்தேன்."

அப்படியானால் புதுச் சேலையை வைத்துக்கொண்டு வேறு எதையோ கொண்டுவந்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. முதலாளி அதை வாயால் சொல்லவில்லை, கையைக் காட்டி வெளியே போகச் சொன்னார். சேலை கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்தத் தோட்டத்துப் பெண்கள் இருவர் ரவிக்கைத்துணி எடுக்க வந்தார்கள். பேச்சுவாக்கில் ஒருத்தி அவரைப் 'பழஞ்சேலை மாமன்' என்றாள். மலையில் கொழுந்து எடுக்கும்போதுகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். தங்கை வீட்டு வாசலை அவர் மிதிப்பதில்லையாம்.

சொந்தக்காரர் ஒருவருக்குச் சுகமில்லை என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கங்காணியைத் தனியே பார்த்து நடந்ததைச் சொல்லி, எல்லாரிடமும் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எடுத்தது நீங்க. நான் எதுக்குங்க சொல்லணும்? காலையில பெரட்டுக்கு வாங்க, எல்லாரும் நிப்பாங்க" என்றார்.

விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பிரிந்து போகுமுன் வரிசையாக நிற்கிற இடம் அது. துரை வரவில்லை. கங்காணி என்னை முன்னால் தள்ளிவிட்டார். எனக்குக் குரல் முதல் வரிசைக்குமேல் போகவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "கடைக்காரய்யா, கேக்கலைங்க, கொழுந்துக்கிட்டயா பேசுறீங்க?" என்றாள். படத்தை உயர்த்திப் பிடித்து, சேலை புதுசுதான், படத்தை நான்தான் திருடினேன் என்று மறுபடி சொன்னேன். படம் கைக்குக் கை போனது. அந்த நாத்தனாரிடம் வந்ததும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தாளுக்காகவா? பால்குடிப் பிள்ளையாங்க நீங்க?"

சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தங்கை மட்டும் வரிசையை விட்டு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள். அவர் சிரிக்கவில்லை. படத்தையும் கையில் வாங்கவில்லை.

"இங்க சொன்னது சரிங்க. கடையில உங்க முதலாளி முன்னாடி என்னையக் களவாணி ஆக்குனீங்களே. அங்க எப்ப சொல்லப் போறீங்க?"

நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். திரும்பும் வழியில் தூறல் விழுந்தது. நான் செய்ததைக் கேளுங்கள்: படம் நனையாமல் சட்டைக்குள் வைத்து, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டே நடந்தேன்.

முதலாளி சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தேறிவிட்டார் என்றேன். மறுநாள் சொல்லவில்லை, அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிட, 'நீயா' என்று அவர் என்னை ஒருமுறை பார்ப்பாரே, அதற்குத்தான் பயந்தேன்.

பசறைத் தோட்டத்துக்காரர் கடைக்கு மறுபடி வரவில்லை. சந்தை நாளில் எதிர்ப்பக்கமாக நடந்து போவதைக் கண்டிருக்கிறேன். யாராவது துணியைத் திருப்பிக் கொண்டுவந்தால் முதலாளி இன்றும் அந்தக் கதையை எடுப்பார். பசறையிலிருந்து ஒருத்தன் பழஞ்சேலையைக் கொண்டுவந்து நம்மை ஏமாற்றப் பார்த்தான் என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார். இந்த வாரமும் கூப்பிட்டார். நான் தலையாட்டினேன்.