பன்னிரண்டு வெள்ளை வில்லைகள்

என் கணவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். நானும் பதினோரு மாத மகளும் திருக்காட்டுப்பள்ளியில் என் மாமனாரோடு இருந்தோம். பெங்களூரில் வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்வதாகக் கணவர் சொல்லியிருந்தார். மாமியார் காலமாகிவிட்டார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த கணவரின் அக்கா தினமும் ஒரு நடை வந்து போவார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அந்த ஆனி மாதக் கடைசியில் ஊருக்கு வந்தபோது கணவர் ஒரு தகர அடுப்பைக் கொண்டுவந்தார். அடுப்பு என்று சொன்னால் அண்ணி சிரிப்பார். சீட்டுக்கட்டு அளவில் மடித்து வைக்கலாம், விரித்தால் நாலு கால். கூடவே வெள்ளி நிறத் தாளில் பன்னிரண்டு வெள்ளை வில்லைகள். விறகு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், வில்லையைக் கொளுத்தி மேலே பாத்திரத்தை வைத்தால் போதும். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் மலையேறப் போகிறார்களாம். முதுகில் சுமக்கும் பையில் ஒவ்வொரு கிராமையும் குறைக்க வேண்டுமாம். "நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவ. அரை லிட்டர் தண்ணி கொதிக்க எத்தனை வில்லை ஆகுது, காத்துல நிக்குதா, எல்லாம் பாத்து எழுதி வை. வெள்ளிக்கிழமை போன்ல சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் படிப்பைக் கேட்டு யாரும் எதையும் செய்யச் சொன்னதில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, வில்லை, நிமிடம், காற்று என்று நான்கு பத்தி பிரித்தேன். அந்த நோட்டை எடுக்கும்போது எனக்கிருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதல் சோதனை மாடிப்படிக்குக் கீழே. இரண்டு வில்லைகளில் ஒன்பது நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. இரண்டாவது மொட்டை மாடியில். ஆடிக் காற்று பிய்த்து எறிந்தது. வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியவில்லை, கையை அருகில் கொண்டுபோனால்தான் சுட்டது. இரண்டு வில்லைகளும் எரிந்து தீர்ந்தன, தண்ணீர் குளிக்கிற சூட்டுக்குக்கூட வரவில்லை. மூன்றாவது முறை சுற்றிலும் செங்கல் அடுக்கினேன். பதினொரு நிமிடம். எரியும்போது மீன் கெட்டுப்போனது போல ஒரு நெடி. அலுமினியக் குவளையின் அடியில் பழுப்பாகப் பிசுக்கு படிந்தது, சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதையும் எழுதினேன்.

"பொம்மை அடுப்புல பொங்கல் வைக்கிறியாம்மா? எனக்கும் ஒரு கரண்டி எடுத்து வை" என்றார் அண்ணி.

ஆறு வில்லைகள் மிச்சம். மாடிப்படிக்குக் கீழே இருந்த மரப்பெட்டியின் மேல் வைத்தேன். பெட்டி என் முழங்கால் உயரம். என் மகள் அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் அன்றைக்கு நான் சேர்த்து யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டுக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். சிவப்பு எண்கள் ஓட ஓட நோட்டைப் பார்த்து வாசித்தேன். "சூப்பர். காத்துக்குத் தகடு வச்சு இன்னொரு தடவை பாரு" என்றார். திரும்பி வரும்போது குடமுருட்டியில் புதுத்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தகட்டுக்கு எண்ணெய் டின்னை வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அண்ணி வாசலிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "வந்துட்டியா? அவரு வந்திருப்பாரு, நான் ஓடுறேன்" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தகடு நினைப்பிலேயே நேராக மாடிப்படிக்குப் போனேன். தாள் பிரிந்து கிடந்தது. ஐந்து வில்லைகள்தான் இருந்தன.

இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தேன். உதட்டோரம் வெள்ளையாகப் பொடி.

கல்லூரியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வில்லை என்னவென்று உறையிலேயே போட்டிருந்தது. அமிலம் பட்டால் அது உடைந்து ஃபார்மலின் வாடை வரும். வயிற்றில் இருப்பது அமிலம். எங்கள் விலங்கியல் பரிசோதனைக் கூடத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் கைகளை விரித்தபடி மிதந்த தவளை, கண் முன்னால் வந்து நின்றது.

வாயை முகர்ந்தேன். என் விரலிலேயே நான்கு நாளாக அந்த நெடி இருந்தது, எது எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. ஓடிப்போய்த் தெருமுனையில் அண்ணியைப் பிடித்தேன். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால், விஷத்தைக் குழந்தைக்கு எட்டும்படி வைத்தது நான் என்று ஆகும். பார்த்துக்கொள்ளாமல் விட்டது அவர் என்றும் ஆகும்.

"அண்ணி, பிள்ளை ஏதாவது சாப்பிட்டாளா?"

"ஏன், நான் பட்டினி போட்டேன்னு நெனச்சியா? ரெண்டு வாய் ரசஞ்சோறு குடுத்தேன். போம்மா."

டாக்டர் வீடு பத்து நிமிட நடை. போகவில்லை. போனால் விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இதை எழுதுவதற்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கிணற்றடியில் உட்கார்ந்து குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டேன். அப்படிச் செய்யக்கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவள் நீலம் பாரிக்க அழுதாள். ரசஞ்சோறு வந்தது. வெள்ளையாக எதுவும் வரவில்லை.

மாமனார் கூடத்திலிருந்து, "ஏம்மா பிள்ளை அழுவுது?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா, வாந்தி எடுத்துட்டா."

அவள் தூங்கினாள். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் அவள் எப்போதும்போல எழுந்து பால் கேட்டாள். சாமி பாத்திரங்களைக் கழுவ எடுத்தேன். பித்தளைத் தட்டில் பழுப்பாகப் பிசுக்கு. புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. என் அலுமினியக் குவளையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பிசுக்கு. கற்பூரம் இப்படி எதையும் விட்டுப் போகாது.

கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தார். இந்தத் தடவை நேராகவே கேட்டேன்.

"ஆமாம்மா, வெள்ளிக்கிழமையாச்சே, பிள்ளைக்குச் சுத்திப் போடலாம்னு பாத்தேன். டப்பால கற்பூரம் இல்ல. தம்பி கொண்டாந்த சீமைக் கற்பூரம்தான் இருக்கேன்னு எடுத்தேன். ஆத்தாடி, அணையவே மாட்டேங்குது! அவ்வளவு கண்ணு பட்டிருக்கு. அப்புறம் திருநீறு பூசி வாயிலயும் ஒரு சிட்டிகை போட்டேன். ராத்திரி வாந்தி எடுத்தாளாமே, அப்பா சொன்னாரு. பாத்தியா? எல்லாம் கழிஞ்சிடுச்சு."

உதட்டோரம் இருந்தது திருநீறு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கழிந்த திருஷ்டி என் விரல் செய்த வேலை என்று அவரிடம் சொல்லவில்லை.

"அது கற்பூரம் இல்லண்ணி. அடுப்பெரிக்கிறது."

"எரிஞ்சா சரி" என்றார். அப்புறம், "முழுசா வீணாக்குவானேன்னு பாதியைத்தான் ஏத்தினேன்" என்றார்.

"மீதி பாதி?"

"அந்தப் பெட்டி மேலயே வச்சேனே."

பெட்டியை நகர்த்தினேன். கூட்டினேன். முறத்தில் குப்பையைப் பரப்பி விரலால் துழாவினேன். மாடிப்படியின் ஒவ்வொரு இடுக்கிலும் டார்ச் அடித்தேன். காலையில் வேலைக்கார அம்மா பெருக்கிக் கொட்டியிருக்கலாம். எறும்பு இழுத்திருக்கலாம். அந்தப் பாதி கிடைக்கவில்லை.

மிச்சமிருந்த ஐந்தையும் கணவர் மலைக்கு எடுத்துப் போனார். அடுப்பு நன்றாக வேலை செய்ததாம். என் நோட்டை நண்பர்கள் பாராட்டினார்களாம். அந்த நோட்டில் ஆறு வில்லைகளுக்குத்தான் கணக்கு இருக்கிறது. ஏழாவதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

மகளுக்கு எதுவும் ஆகவில்லை. இப்போது பெங்களூரில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். காய்ச்சல் வந்தால், வயிறு வலிக்கிறது என்றால், முதலில் எனக்கு அந்தப் பாதிதான் நினைவுக்கு வரும். இத்தனை வருடம் கழித்து எதுவும் இருக்காது என்று கெமிஸ்ட்ரி படித்தவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் வெளியிலிருந்து வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்ப்பேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள் போல. நேற்று ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று, நான் சொல்வதற்கு முன்பே வாயை அகலமாகத் திறந்தாள்.