பாதி மாத்திரை

யுத்தம் முடியும் சமயத்தில் செஞ்சியில் எங்கள் தெரு முழுவதும் முறைக்காய்ச்சலில் கிடந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லிவைத்தாற்போல மத்தியானத்தில் குளிர் எடுக்கும். கோணிகளைப் போட்டு மூடினாலும் உடம்பு உதறும். அதற்கான கொயினா மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். என் மகனுக்கு அப்போது நாலு வயது. காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே அவன் வயிறு கல்லைப் போல இருந்தது.

ஐப்பசியில் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். குழந்தைகளைப் படுக்கவைத்து, வயிற்றை அழுத்திப் பார்த்து எழுதிக்கொண்டார். புதிதாக வந்த மஞ்சள் மாத்திரை வைத்திருந்தார். ஆனால் தெருவில் ஒரு சாரி வீடுகளுக்குத்தான் கொடுப்பேன் என்றார்.

எதிர்வீட்டு அக்காதான் கேட்டாள். “இன்னா சாமி இது? பந்தியில பாதிப் பேருக்குச் சோறு, மீதிப் பேருக்கு வெறும் இலையா?”

“எல்லாருக்கும் கொடுத்துட்டா, காய்ச்சல் குறைஞ்சது மாத்திரையாலயா, மழை நின்னு கொசு குறைஞ்சதாலயான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ரெண்டு சாரிக்கும் ஒரே மழை, ஒரே கொசு. மாத்திரை மட்டும்தான் வித்தியாசம். பலன் தெரிஞ்சாத்தான் தாலுகா முழுக்கக் கேட்டு வாங்கலாம்.”

“அப்ப எந்தச் சாரின்னு நீங்களே சொல்லிடுங்க.”

“நான் சொல்லக் கூடாது. மனசு வேண்டியவங்க பக்கம் சாஞ்சிடும்.”

இரண்டு சீட்டு எழுதித் தன் தொப்பியில் போட்டார். முன்னால் நின்ற என் வீட்டுக்காரரை ஒன்று எடுக்கச் சொன்னார். அவர் மாதாவை வேண்டிக்கொண்டு எடுத்தார். வடக்குச் சாரி வந்தது. எங்கள் வீடு தெற்கு.

இவனுக்கு மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன். எட்டாவது வரை படித்திருந்தும், நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் எழும்பாது.

மாத்திரை கொடுத்த மறுநாளே அக்கா முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு வந்தாள். பல்லால் கடித்துப் பிளந்த பாதி மாத்திரை.

“வேணாக்கா. உம் பொண்ணுக்குக் குடுத்ததாச்சே.”

“அவ பாதி தின்னுட்டா. எங்க வாசல்ல நின்னா உன் புள்ள உதர்றது நேரா தெரியுது. மாத்திரைய முழுங்கிட்டு அத எப்பிடிடி பாக்கறது? வாயத் தொறக்கச் சொல்லு.”

கசப்பில் அவன் துப்பினான். துப்பியதை எடுத்து வெல்லத்தில் பொதிந்து மறுபடி கொடுத்தோம். அதன்பிறகு தினமும் ஒரு பாதி வந்தது. வடக்குச் சாரியில் மற்ற வீடுகளும் இதையே செய்தன என்று பிறகுதான் தெரிந்தது. குளிர் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான்.

மார்கழியில் டாக்டர் திரும்பி வந்து வயிறுகளை அழுத்தினார். இரண்டு சாரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் முகம் விழுந்துவிட்டது. என் மகனிடம் வந்ததும் அவன் உள்ளங்கையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அந்த மாத்திரை தின்றவர்களுக்கு ஏறும் மஞ்சள் அதில் இருந்தது.

“இவனுக்கு யார் கொடுத்தது?”

அக்கா முன்னால் வந்தாள். “நாந்தான். இவனுக்கு மட்டுமில்ல, எல்லா ஊட்டுலயும் பாதி பாதி. இன்னா பண்ணணுமோ பண்ணுங்க.”

அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தின்னவங்களும் முழுசாத் தின்னல. தின்னாதவங்கன்னும் யாரும் இல்ல. யாரை யாரோட வச்சுப் பாக்கறது? பலன் காட்டினாத்தாம்மா அடுத்த டப்பா அனுப்புவாங்க” என்றார். போகும்போது பையில் மிச்சமிருந்ததை என் கையில் கொட்டிவிட்டுப் போனார். சில நாளில் அது தீர்ந்தது. வேறு டப்பா வரவில்லை.

தையில் அவனுக்குக் காய்ச்சல் தினமும் வர ஆரம்பித்தது. மாசியில் அவன் போய்விட்டான்.

“அவ சும்மா இருந்திருந்தா ஊருக்கே மாத்திரை வந்திருக்கும்” என்று சொல்லி என் வீட்டுக்காரர் எதிர்வீட்டோடு பேச்சை நிறுத்தினார். அப்படியும் இருக்கலாம். அந்தப் பாதியும் கிடைக்காதிருந்தால் அவன் கிறிஸ்துமஸைக்கூடப் பார்த்திருக்க மாட்டான் என்றும் இருக்கலாம். எது சரியென்று தெரிய, அவனைப் போலவே இருந்து, மாத்திரை மட்டும் தின்னாத இன்னொருவன் வேண்டும். எனக்கு இருந்தவன் ஒருவன்தான்.

அக்காவின் மகள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகையில் வெயிலுக்காக எங்கள் பக்கத்து நிழலில் நடந்து போவாள். அவள் கடந்து போகும்வரை நான் உள்ளேயே இருந்துவிடுவேன்.