சகலையின் தூக்கம்

காலை ஆறே முக்கால். இரவுப் பணி முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பியபோது, கீழ்வீட்டு ஜன்னலில் முதலில் தெரிந்தவை சகலையின் உள்ளங்கால்கள். ஓர் ஈ குதிகாலிலிருந்து விரல்வரை நடந்தது. தெருவில் டிரெய்லர் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கால்கள் அசையவில்லை.

அவர் என் மனைவியின் தங்கை கணவர், கண்டெய்னர் லாரி ஓட்டுநர். நான் பத்திரிகையில் பிழை திருத்துபவன். பகலில் படுத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

அன்று மாலை ஒரு தூக்க மாத்திரை டப்பாவைக் காட்டினார்.

"இன்னா சகல, மூஞ்சி பேஜாரா கீது? இத்த முழுங்கு. பெப்டைடு. ஜிம் மாஸ்டர் குட்த்தது. ஆளு அவுட்டு."

"நான் கத்துறது காதுல வுழக்கூடாதுன்னு வாங்கிகினாரு, மாமா" என்றாள் மைத்துனி, அடுப்பங்கரையிலிருந்து.

லேபிளைப் படித்தேன். 'ஆழ்ந்த தூக்கம்' என்பது பெரிய எழுத்தில் இருந்தது. தயாரித்தவர் முகவரி இல்லை. விளம்பரமாக என் மேசைக்கு வந்திருந்தால் கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருப்பேன். மேலே போய் அதையே ஆர்டர் செய்தேன். டப்பா காலியாகும்வரை விழுங்கினேன். கூரையின் விரிசல்கள் மனப்பாடமானதுதான் மிச்சம். கீழே குறட்டை கேட்டது.

துறைமுக வாசலுக்குப் போகும் லாரிகள் எர்ணாவூர்வரை வரிசையில் நிற்கும். ஓட்டுநர்கள் சீட்டிலேயே தூங்குவார்கள். வரிசை நகர்ந்தால் பின்வண்டிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். எழாத ஓட்டுநரை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் முன்னே போய்விடுவார்கள். அவர் மறுபடி கடைசியிலிருந்து வரவேண்டும்.

ஒரு மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு வரிசையில் தூங்கினார் சகலை. அவருடைய கண்டெய்னர் ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. முதலாளி லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். சகலை ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்.

"தட்னாங்களாம் சகல. ஆரன் அட்ச்சாங்களாம். எனுக்கு ஒண்ணியும் தெர்ல."

மைத்துனி அழுதுகொண்டிருந்தாள். ஆறுதலாக ஏதோ சொன்னேன். அப்படியும் ஒரு தூக்கமா என்றுதான் எனக்குள் ஓடியது. அவர் வேலையின்மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை இருந்ததில்லை.

டப்பாவை மைத்துனி சாக்கடையில் கொட்டினாள். அதன்பிறகு அவர் எந்த மாத்திரையும் போடவில்லை. வேறு வண்டி இன்னும் கிடைக்கவில்லை. இப்போதும் படுத்தவுடன் தூங்கிவிடுகிறார்.