வசந்தா அடுக்கு

போன வாரம் பீன்யாவில் ஒரு கல் கடைக்குப் போயிருந்தேன். மகள் வீட்டு வாசலில் பதிக்கக் கல் வேண்டுமாம். கடைக்காரர் ஒரு செம்மணற்கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். முதல் மழை வாசனை குப்பென்று வந்தது. "பாதாமி கல்லு மேடம், கலர் பாருங்க" என்றார். எனக்குக் கலர் தெரியவில்லை. வசந்தாதான் தெரிந்தாள்.

நானும் அவளும் நிலவியல் ஆபீசில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். நான் மர்பி டவுன் தமிழ், அவள் மல்லேஸ்வரத்தில் கன்னடம் பேசியே வளர்ந்தவள். கன்னடம் எனக்கும் வரும். ஆனால் போகிற கிராமத்திலெல்லாம் அவள் பேசினால் மோர் வரும். நான் பேசினால் தண்ணீர் வரும். பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று வையுங்கள்.

பாதாமிப் பக்கத்து மணற்கல்லை வரைபடத்தில் குறிக்க எங்களை அனுப்பினார்கள். கீழே இருப்பதும் மேலே இருப்பதும் ஒரே அடுக்கு என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். நிறம் ஒன்று, மணல் ஒன்று, அப்புறம் என்ன? ஒரு மத்தியானம் ஓடைக்கரைப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வசந்தா என் பக்கமே பார்த்தாள்.

"ஏய், கொஞ்சம் எழுந்திரு."

"சாப்பிட விடுடி."

"நீ உக்காந்திருக்கறதுதாண்டி பார்டர்!"

எழுந்து பார்த்தேன். கால் பக்கம் பாறை சரிந்து கிடந்தது. முதுகுப் பக்கம் மட்டமாக இருந்தது. நடுவில் ஒரு கூழாங்கல் பட்டை. கீழ் மணல் இறுகிக் கல்லாகி, சரிந்து, தேய்ந்து, அதற்கப்புறம்தான் மேல் மணல் வந்து படிந்திருக்கிறது. இடையில் எத்தனை யுகமோ! அத்தனையின் மேலும் உட்கார்ந்து நான் வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மேல் அடுக்கைத் தனியாக வகைப்படுத்தி, வழக்கப்படி பக்கத்துக் கிராமத்தின் பெயரை வைத்தார்கள். ஆனால் ஆபீசில் எல்லோருக்கும் அது 'வசந்தா அடுக்கு'தான். கேன்டீனில் யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு டீ இறங்காது. கருத்தரங்கில் அவள் பேசும்போது நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "கல்லு மேலயாம்மா பொறாமை?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். கல் மேல்தான்.

இருவரும் ரிடையரான பிறகு, புதிதாக வந்த பிள்ளைகள் அங்கே மறுபடி வேலை செய்தார்கள். பார்டர் சரிதான், ஆனால் மேலே இருப்பது தனி அடுக்கு இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே பெயர் வைத்த அடுக்கின் தொடர்ச்சி என்று காட்டிவிட்டார்கள். முந்தி வைத்த பெயர் நின்றது. அவளுடையது போயிற்று. ஆறுதல் சொல்கிற சாக்கில் போன் செய்தேன். அவள் குரல் கொஞ்சமாவது உடையாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் ஆத்தைத் தாண்டிப் போய்ப் பாக்கவே இல்லடி! என்ன அழகா கண்டுபுடிச்சிருக்குங்க அந்தப் பசங்க!" என்று சிரித்தாள். பாசாங்கே இல்லாத சிரிப்பு. போனை வைத்த பிறகு எனக்கு வயிறு இன்னும் எரிந்தது. தோற்பதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்கிறாளே!

புது வரைபடத்தில் அந்த அடுக்கு இல்லை. போன மழைக்காலத்தோடு வசந்தாவும் இல்லை. இப்போது ஆபீசில் சேர்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 'வசந்தா அடுக்கு' என்று சொல்ல இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான்.