ஏழு கம்பி அன்ரெனா

மாமா மெட்ராஸ் ரெலிவிஷனில் தவில் வாசிக்கப் போகிறார் என்று கடிதம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு தண்ணீர் நினைவில்லை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் ஊர் அளவெட்டியில் அப்பாவின் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர். திருவிழாக் காலத்தின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸுக்குக் கப்பலேறிவிட்டார். "இனி என்ரை முகத்திலை முழிக்கக்கூடாது" என்று அப்பா சொன்னது ஊருக்கே தெரியும். அதனால் ஆறு வருடமாக அம்மாவும் தம்பியைக் காணவில்லை.

எங்கள் பழைய மூன்று கம்பி அன்ரெனா தெற்கே பார்த்து நின்றது, கொழும்புக்கு அது போதும். மெட்ராஸுக்கு ஏழு கம்பி வேண்டும், கூரைக்கு மேலே இருபதடியாவது எழும்ப வேண்டும் என்றார் ரேடியோக் கடைக்காரர். காற்றில்லாத வெக்கைப் பொழுதில் கண்ணாடி மாதிரித் தெரியுமாம். முகத்தில் முழிக்கக்கூடாது என்ற அதே அப்பாதான் அந்தக் கடைக்கு நாலு நடை நடந்தார். அம்மா சிரித்தார். அப்பா காணாத மாதிரி இருந்துகொண்டு, மூன்று தண்ணீர்ப் பைப்புகளை ஒன்றாகப் பூட்டி, நுனியில் ஏழு கம்பியை ஏற்றிச் சுவரோடு நிறுத்தி, அடியை ஒரு கல்லில் இருத்தினார். கீழே நின்றபடியே திருப்பலாம்.

நிகழ்ச்சி நாளும் வந்தது. மத்தியானம் சந்தியில் நின்ற அப்பாவிடம் தந்திக்காரர் தந்தியை அங்கேயே கொடுத்திருக்கிறார். முதல்நாள் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். நிகழ்ச்சி எப்போதோ எடுத்து வைத்தது, அதை யாரும் நிறுத்தவில்லை. அப்பா தந்தியை மடியில் செருகிக்கொண்டு வந்து, அம்மாவுக்குச் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார். இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். அந்தச் சோற்றை அவர் எப்படி விழுங்கினாரோ.

பின்னேரம் அப்பா வெளியே பைப்பைத் திருப்பினார். அம்மா பெட்டிக்கு முன்னால். நான் ஜன்னலில். அம்மா "இன்னும்" என்றால் நானும் "இன்னும்" என்று கத்துவேன். எட்டு வயதிலேயே எனக்கு வாய் பெரிது, அந்த வேலைக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. படம் வந்தது. அப்பா கையை எடுத்தார், போய்விட்டது. மறுபடி பிடித்தார், வந்தது.

"நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அம்மாவைப் பார்க்கச் சொல்லு" என்றார்.

மாமா தெரிந்தார். தலைமுடி வளர்த்து, காதில் கடுக்கன் போட்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"பாரன், எப்பிடி மெலிஞ்சு போனான். சித்திரைக்கு வரச்சொல்லி நாளைக்கே எழுதோணும். இஞ்சாருங்கோ, கேட்டதே?"

வெளியிலிருந்து "ஓம்" என்று மட்டும் வந்தது.

நாதஸ்வரம் ஓய்ந்து, மாமா தனியாக வாசிக்கத் தொடங்கினார். அந்தக் கை யாருடையது என்று அப்பாவுக்குப் படம் பார்க்காமலே தெரியும். கொஞ்ச நேரத்தில் படம் நடுங்கியது. மாமாவின் முகம் இரண்டாகி, மூன்றாகிக் கலைந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓடு பிள்ளை, ஆட்டாமல் பிடிக்கச் சொல்லு."

நான் ஓடினேன். அப்பா பைப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து நின்றார். சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நாங்கள் எல்லாரும் பார்க்க, தனக்கு மட்டும் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அழுகிறார் என நினைத்தேன். இவ்வளவு பெரிய ஆள் இதற்குப்போய் அழுவதா என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"அழாதேங்கோ அப்பா. அடுத்தமுறை மாமா வாசிக்கேக்கை நான் பிடிக்கிறன், நீங்கள் பாருங்கோ" என்றேன்.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, பைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப படம் நிக்குதோ எண்டு பார்."

நான் ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம் அப்பா, மாமா வடிவாத் தெரியிறார்" என்று கத்தினேன்.