பின்கோடித் துளை

போன வாரம் பேரனின் காரை சர்வீஸுக்கு விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஏதோ ஒரு வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். துருவும் வெந்நீரும் கலந்த அந்த வாடை வந்ததும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். ஏன் என்று உங்களிடமாவது சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் நானும் செபஸ்தியும் கூட்டாக ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தோம். பெரிய பேரெல்லாம் இல்லை; பிரித்ததைத் திரும்பப் பூட்டிவிடுவார்கள் என்ற அளவுக்கு ஊரில் நம்பிக்கை இருந்தது. காதர் ராவுத்தர் தம் வாடகைக் காரைக் கொண்டுவந்து விட்டார். தண்ணீரில்லாமல் ஓடி, என்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்டிருந்தது. அந்தப் பழைய மாடலுக்கு ஹெட் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் அரிமளம் பக்கம் புளியமரத்தில் மோதிக் கிடந்த ஒரு காரிலிருந்து கழற்றி வந்தோம். அதே கார்தான், ஆனால் பிந்தைய மாடல். போல்ட் துளைகள் எல்லாம் அச்சாகப் பொருந்தின. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

செபஸ்தி மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜின் கீழ்ப்பாகத்தின் பின்கோடியில், தண்ணீர் ஹெட்டுக்கு மேலேறிப் போக ஒரு சின்னத் துளை. வந்த ஹெட்டில் அதற்கு நேராக ஒன்றுமில்லை.

"இங்கிட்டு வழி அடைபடுது பாரு. ஹெட்ல ஒரு ஓட்டை போட்டுருவோம்."

மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டி எனக்குக் கையும் கண்ணும் ஓய்ந்திருந்தன. "சின்ன ஓட்டைதான. விடு, பூட்டுவோம்" என்றேன். அவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். வண்டி நன்றாகத்தான் போயிற்று.

மறுநாள் மத்தியானம் கமலம் என்றொரு பெண் ராவுத்தரிடம் வந்தாள். இலுப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. உத்தரவு தபாலில் தாமதமாக வந்திருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. பஸ்ஸும் போய்விட்டது. புதிதாகப் பூட்டிய என்ஜின் என்பதால் ராவுத்தர் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

குடுமியான்மலையைத் தாண்டியதும் ஆவி கிளம்பிற்று. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு மைல் போகவில்லை, மறுபடி கொதித்தது. மூன்றாம் தரம் அவள் இறங்கி வந்தாள்.

"இது ஆற இன்னும் எவ்வளவு நேரங்க ஆகும்?"

குரலில் கோபம்கூட இல்லை. ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் என்ஜினைப் பார்த்தேன். எந்த இடம் கொதிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அவள் நடக்கத் தொடங்கினாள். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். அப்பாவுக்குக் கண் தெரியாது, அவரையும் கூட்டிவர வேண்டும், முதலில் ஒரு வீடு பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு மைல்கல்லிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கல் வந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. மறுநாள் காலை வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

செபஸ்தி ஹெட்டைக் கழற்றித் துளை போட்டான். அரை நாள் வேலை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அதன்பின் அந்த வண்டி ஏழெட்டு வருஷம் கொதிக்காமல் ஓடிற்று.

ஒரு மாதம் கழித்து, சொல்லிவிடுவது என்று புதுக்கோட்டையில் கமலம் குடியிருந்த ஓட்டுவீட்டு வரிசைக்குப் போனேன். வீடு காலி. "அப்பாவக் கூட்டிக்கிட்டு எங்கிட்டோ போயிருச்சுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இப்போது அந்த ஓட்டுவீட்டு வரிசையே இல்லை. பட்டறை இருந்த இடத்தில் துணிக்கடை. ராவுத்தர் போய்விட்டார், செபஸ்தியும் போய்விட்டான். அன்று வண்டி ஏன் நின்றது என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.